மூன்று தோல்விகளுக்குப் பின் மேஸ்திரி முலாம்பழம் வாங்கிய படலம்

வாழ்க டைல்ஸ் மேஸ்திரி! நானூறு குளியலறைகளுக்குத் தரையிட்டவர், அதனினும் மிகுந்த அடுப்படிச் சுவர்களுக்கு ஒளியூட்டியவர், ரசமட்டத்துக் குமிழி ஒரு மயிரிழை விலகினாலும் தன் உயிரே விலகியதுபோல் துடிப்பவர், இரு முழங்கால்களிலும் காய்ப்பைப் பதக்கமாக அணிந்தவர், விரல்முட்டியால் ஒரே ஒரு தட்டுத் தட்டி, ஒட்டிய கல்லின் அடியில் கலவை நிறைந்திருக்கிறதா காற்று ஒளிந்திருக்கிறதா என்று கண்ணை மூடியபடி தீர்ப்புரைக்கும் செவிச்செல்வர், மூத்த மாப்பிள்ளை, மூன்று முறை தோற்றவர், நான்காம் முறையாகப் பழக்கடைக்குப் புறப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பதினொரு மணியைச் சொல்லப்போகிறோம். நாவே, நனைந்து நில்!

முலாம்பழமே, நீயும் கேள். வலை போர்த்திய வட்டமே, வெளியே சாம்பலும் உள்ளே அந்திவானமும் வைத்தவளே, மாம்பழம்போல் நிறத்தால் சொல்லாமல், பலாப்பழம்போல் ஊரைக் கூட்டாமல், காயா கனியா என்பதைக் கத்தி இறங்கும் கணம்வரை மறைத்துவைக்கும் கல்நெஞ்சக்காரியே! உன்னால் எத்தனை வீடுகளில் எத்தனை மாப்பிள்ளைகள் தலைகுனிந்தார்கள் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. நீ பழம்.

இந்தப் போரின் அரியணையில் வீற்றிருந்தவர் மாமியார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்து, ஒற்றைச் சிவப்புப் பேனாவால் இரண்டு தலைமுறைகளை நடுங்கவைத்தவர். ஓய்வு பெற்றார்; மார்க் போடுவதிலிருந்து ஓய்வு பெறவில்லை. நேற்றைய மழைக்கு ஐந்து. பக்கத்து வீட்டுக்காரரின் சிரிப்புக்கு மூன்று. மூத்த மாப்பிள்ளை நான்கு நாள் குனிந்து நிமிராமல் போட்டுக் கொடுத்த குளியலறைத் தரைக்கு ஏழு. ஒரு மூலையில் தண்ணீர் நிற்பதால் ஒன்று கழித்து ஆறு. பத்துக்குப் பத்து வாங்கிய பொருள் இப்பூமியில் இனிமேல்தான் தோன்றவேண்டும்.

அந்தச் சன்னிதானத்தில் மேஸ்திரி சமர்ப்பித்த முதல் முலாம்பழம் பெற்றது இரண்டு. இரண்டாவது பெற்றது ஒன்று. மூன்றாவதில் கத்தி பாதி தூரம் போய் மாட்டிக்கொண்டு, முன்னும் போகாமல் பின்னும் வராமல், பாறையில் பதிந்த வேல்போல் நின்றுவிட, மாமியார் அதற்கு மார்க்கே போடவில்லை. "ஆப்சென்ட்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, மிச்சத்தத் தூக்கிப் போட்றாதீங்க," என்றார் இளைய மாப்பிள்ளையான சகலை. "சைட்டுல ஏதாவது ஒரு மூலைக்கு ஆகும்."

வீடே சிரித்தது. மேஸ்திரியின் சொந்த மனைவியும் சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியதுதான் அதிகம் வலித்தது.

தோல்வியின் காரணம் அவருடைய தொழிலே. கல்லைத் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வரவேண்டும். பொள்ளென்று வந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்து எறியவேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் இந்த ஒரு நீதியில் வாழ்ந்தவர், அதே நீதியோடு பழக்கடைக்குப் போய், குவியலைத் தட்டித் தட்டி, எது கெட்டியாக ஒலிக்கிறதோ அதையே மார்போடு அணைத்து வந்தார். கடையிலேயே மிகக் கெட்டியாக ஒலிப்பது கடையிலேயே பச்சையான காய் என்பதை எந்தத் தரையும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

எதிரியையும் பழிக்காமல் பாடுவோம். சகலை எரிவாயுக் கம்பெனியில் கசிவு பார்ப்பவர். அது மூக்கு அல்ல, முகத்தின் நடுவே நாட்டிய கொடிமரம். தெருமுனையில் நின்று ஒருமுறை இழுத்தால், எந்த வீட்டு அடுப்பின் குழாய் வெடித்திருக்கிறது, எந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தது, எந்த வீட்டில் கணவன் சமைக்கிறான் என்பதுவரை வரிசையாகச் சொல்வார். அவர் முகர்ந்து கொண்டுவந்த பழங்களுக்கு மாமியார் ஆறு போட்டார், மறுபடி ஆறு போட்டார், ஒருமுறை வாய்தவறி ஆறரை போட்டார். அந்த அரை மார்க்கைச் சகலை இரண்டு கோடைகளாகத் தலையில் கிரீடமாகச் சூடித் திரிந்தார்.

இந்நிலையில் மாமியாருக்குப் பல்செட் வந்தது.

மூன்று மாதம் பல்லின்றி, எதையும் கரைத்தும் மசித்தும் மட்டுமே உண்டு, அந்த மூன்று மாத உணவுக்கும் சேர்த்து ஒரே மார்க்காகப் பூஜ்யம் போட்டிருந்த அந்த வாயில், வெள்ளிக்கிழமை மாலை முத்துக்கோவைபோல் இரு வரிசைப் பற்கள் ஏறின. மெத்தென்று ஏதாவது தின்று தொடங்குங்கள் என்றார் பல் டாக்டர். அன்றிரவே இரு மகள்களின் போனிலும் ஒரே ஆணை ஒலித்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துடுங்க. முலாம்பழம் சாப்பிடணும்போல இருக்கு. மாப்பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு கொண்டு வரட்டும். பாத்துடலாம்."

பாத்துடலாம்! அந்த ஒரு சொல்லில் முரசு இருந்தது, கொம்பு இருந்தது, குதிரைக் குளம்பொலி இருந்தது. புதுப் பல்லின் முதல் கடி! அது கனியில் இறங்கினால் பதினோரு ஆண்டு மாப்பிள்ளைப் பதவிக்கு முதன்முதலாக ஒரு மரியாதை; காயில் இறங்கினால், பல்செட் என்ன ஆகும் என்பதையே மேஸ்திரியால் நினைக்க முடியவில்லை, தான் என்ன ஆவோம் என்பதை நினைத்து இரு இரவுகள் புரண்டார்.

ஞாயிறு காலை, கருவிப்பெட்டியைத் திறந்தார். ரப்பர் சுத்தியைத் தொடவில்லை. நூலைத் தொடவில்லை. கல்லறுக்கும் மெஷின் அலறும்போது காதில் செருகும் மஞ்சள் நுரைத்தக்கைகள் இரண்டை எடுத்து, வீரன் கவசம் பூணும் பொறுமையோடு உருட்டத் தொடங்கினார்.

"காதுல என்னங்க அது?" என்றாள் மனைவி.

"காது தொறந்திருந்தா தட்டுவேன். தட்டுனா தோப்பேன்."

"மோந்து பாத்து வாங்குங்களேன், ஊர்ல எல்லாரும் வாங்குற மாதிரி."

"இருபத்தஞ்சு வருஷ சிமெண்டுத் தூசி இருக்கு இந்த மூக்குக்குள்ள. எதிர்வீடு எரிஞ்சாக்கூட நீதான் வந்து சொல்லணும்."

"அப்ப எத வச்சுத்தான் வாங்கப்போறீங்க?"

மாவீரர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மேஸ்திரி தக்கைகளைச் செருகினார். உலகம் பஞ்சுக்குள் போயிற்று. மனைவி ஏதோ இன்னொன்றும் சொன்னாள். அது வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவள் வாங்கிவரச் சொன்னது சோப்பு.

பழக்கடை! பலகைமேல் பலகை அடுக்கிய படிக்கட்டில், பொன்னும் செம்மையும் பச்சையும் அணிவகுத்து நிற்க, நட்ட நடுவே முலாம்பழக் குவியல் ஒரு குன்றுபோல் எழுந்திருந்தது. அதன் அடிவாரத்தில், கவிழ்த்த பெட்டியின்மேல், கையில் ஈ விரட்டும் விசிறியோடு கடைக்காரம்மா அமர்ந்திருந்தார். அவர் தலைக்குமேல் தொங்கிய அட்டை, கண்டோர் விரல்களைக் கட்டிப்போடும் நான்கே சொற்களைத் தாங்கியிருந்தது: அமுக்கிப் பார்த்தால் வாங்கியே ஆகவேண்டும். எடுக்கலாம், உருட்டலாம், முகரலாம், முத்தமிடவும் செய்யலாம். அமுக்கினால், அது கல்யாணம்.

சகலை முன்பே வந்துவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கை மட்டும் முன்னே அனுப்பி, குன்றின் தென்சரிவிலிருந்து வடசரிவுக்குத் தேனீபோல் ஊர்ந்துகொண்டிருந்தார். மேஸ்திரியைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வாங்கண்ணே. தட்டிப் பாத்தாச்சா? உள்ள யாராவது இருக்காங்களாமா?"

மேஸ்திரி இனிமையாகப் புன்னகைத்தார். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஏவிய அம்பு கேடயத்தில் படாமல், மார்பிலும் படாமல், இலக்கே இல்லாததுபோல் மறுபக்கம் போய் விழுந்ததைக் கண்டு சகலையின் முகத்தில் முதல் நிழல் படர்ந்தது. பதினோரு ஆண்டுகளில் இந்த மனிதர் இப்படிச் சிரித்ததில்லை.

அப்போதுதான் மேஸ்திரியின் வலக்கை எழுந்தது. அவர் எழுப்பவில்லை. பழக்கத்தின் ஏவலால், பாகன் சொல் கேளாத களிறுபோல் தானே எழுந்து, விரல்முட்டியை மடக்கி, அருகிலிருந்த பழத்தின் நெற்றியில் தட்டிற்று. ஒலி இல்லை. மறுபடி தட்டிற்று. பூமி ஊமையாக இருந்தது. வலக்கை திகைத்தது, தன்னை ஆண்ட செவி எங்கே என்று தேடிற்று, இடக்கை பாய்ந்து அதன் மணிக்கட்டைப் பற்றியது. தன்னோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டு, முலாம்பழங்களுக்கு முன்னால் வியர்த்து நின்ற அவரைப் பார்த்து, கடைக்காரம்மா ஈவிசிறியை நிறுத்தினார்.

"உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று சகலையிடம் கேட்டார்.

"நல்லாத்தான் இருந்தாரு," என்றார் சகலை.

காது போயிற்று. மூக்கு என்றும் இருந்ததில்லை. கண்ணுக்கோ எல்லாம் ஒரே சாம்பல் வலை. மூன்று படைகளும் அழிந்த மன்னன் கோட்டைவாசலில் தனியே நிற்பதுபோல் நின்ற மேஸ்திரி, செய்வதறியாமல் ஒரு பழத்தை எடுத்துக் கையில் உருட்டினார். உருட்டியபோது கட்டைவிரல், காம்பு இருந்த இடத்தில் ஏறி இறங்கியது.

கட்டைவிரல்!

அட, இத்தனை நாள் எங்கிருந்தாய்! இரண்டு கற்கள் கூடும் ஓரத்தில் ஒன்று மற்றதைவிடத் தாள் கனம் தூக்கியிருந்தாலும் கண்டுபிடிக்கும் கட்டைவிரல், எஞ்சினியர்கள் கருவி வைத்துப் பார்த்துச் சரி என்றதைத் தடவிப் பார்த்துத் தப்பு என்ற கட்டைவிரல், ஒருநாளும் புகழ் கேட்காமல் செவியின் நிழலில் சேவகனாய் வாழ்ந்த கட்டைவிரல், இதோ எழுந்தது, களம் கண்டது. முதல் பழத்தின் காம்படி சொரசொரத்தது. ஆணி முனைபோல் ஒரு துண்டுக் காம்பு குத்திட்டு நின்றது. தானாக வந்ததல்ல, அறுத்துக் கொண்டுவந்தது. வைத்தார். இரண்டாவதும் அப்படியே. வைத்தார். மூன்றாவதின் விளிம்பு, பழகாத கை அறுத்த கல்லைப்போல் பல்லிளித்தது. வைத்தார். கொடியைப் பற்றியோ, பழுத்தால் பழம் தானே கொடியைக் கைவிடும் என்பதைப் பற்றியோ மேஸ்திரிக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது விளிம்பு. நல்ல வேலைக்கு நல்ல விளிம்பு இருக்கும்.

இதற்குள் சகலையின் மூக்கு சிகரத்தை அடைந்தது. அங்கே, குன்றின் உச்சியில், முழுநிலவுபோல் உருண்டு திரண்டு ஒரு பழம் வீற்றிருந்தது. சகலை கண்ணை மூடினார், இழுத்தார், தள்ளாடினார்.

"இதுதான்ணே! என்னா வாசம்! கதவத் தொறந்ததும் கேஸ் குப்புனு அடிக்குமே, அப்படி அடிக்குது. போன் பண்ணி ஃபயர் சர்வீஸக் கூப்பிடலாம்!"

இரு கைகளாலும் அதைத் தூக்கினார். தூக்கியதும் அதன் அடியில் இதுவரை நசுங்கிக் கிடந்த ஒரு சின்னப் பழம், கோணலானது, ஒரு பக்கம் சப்பியது, வலையின் இடைவெளியெல்லாம் மஞ்சள் பூத்தது, ஆளற்ற தேர்போல் சரிவில் உருண்டு வந்து மேஸ்திரியின் வயிற்றில் முட்டி நின்றது.

கட்டைவிரல் இறங்கியது. காம்படியில் காம்பு இல்லை. அங்கே ஒரு குழி. வட்டமாக, ஆழமில்லாமல், ஒரு பிசிறும் இல்லாமல், இருபத்தைந்து ஆண்டுகளில் நான்கைந்து முறையே அவர் கைக்கு அமைந்த பூரண வேலையைப்போல் வழவழத்தது. மேஸ்திரியின் மயிர்க்கால்கள் நிமிர்ந்தன. பழத்தைத் தலைகீழாகத் திருப்பினார். மறுமுனையில் விரலை வைத்தார். அட்டை இருப்பதை மறந்தார், கடைக்காரம்மாவை மறந்தார், அமுக்கினார். தோல் ஒரு நூலளவு இறங்கி எழுந்தது. ஈரமுமில்லை, இறுகலுமில்லை; கல்லிடுக்கில் பூசிய கலவையைத் துணியால் துடைக்கவேண்டிய அந்தப் பத்து நிமிடப் பதம்!

"அமுக்கிட்டாரு!" என்று கடைக்காரம்மா பெட்டியிலிருந்து எழுந்தார். "ஏங்க! உங்களத்தான்! அமுக்கிட்டீங்க! இனி அது உங்களோடது!"

அதே கணத்தில், அதைக் கேளாமலே, மேஸ்திரி பழத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, காதடைத்தவர்களுக்கே உரிய பெருங்குரலில் எட்டுத் திசைக்கும் அறிவித்தார்:

"இது என்னோடது! பேச்சே கிடையாது!"

சைக்கிளில் போன ஒருவர் காலூன்றி நின்றார். எதிர்க்கடைப் பூனை படியிறங்கிப் போயிற்று.

"சரிங்க," என்றார் கடைக்காரம்மா. "யாரும் கேக்கல."

வீட்டில், மேசைமேல், இரண்டு பழங்களும் அருகருகே வைக்கப்பட்டன. மலையும் மலையின் கூழாங்கல்லும்போல் இருந்தன. மேஸ்திரியின் மனைவி கணவனின் காதுகளிலிருந்து தக்கைகளைப் பிடுங்கி எடுத்தாள். உலகம் திரும்பி வந்தது. வந்ததும் முதலில் கேட்டது சகலையின் குரல்.

"அண்ணே, குட்டியப் புடிச்சுட்டு வந்துட்டீங்க. தாய் தேடாது?"

கொழுந்தியாள் சிரித்தாள். மேஸ்திரியின் நெஞ்சில் தரை பெயர்ந்தது. கட்டைவிரலைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டார்.

மாமியார் வந்தார். அமர்ந்தார். வாயைத் திறந்து ஒருமுறை மூடினார். புதுப் பற்கள் ஒன்றையொன்று சந்தித்து 'டக்' என்றன. அந்த ஒலியில் சபை அடங்கிற்று.

"பெரிசு முதல்ல," என்றார்.

சகலை கத்தியை எடுத்து முழுநிலவின்மேல் வைத்து அழுத்தினார். கத்தி போகவில்லை. எழுந்து நின்று அழுத்தினார். 'கரக்' என்றது. செவிச்செல்வர் அதைக் கேட்டார். அந்தக் 'கரக்'கை அவர் அறிவார். மூன்று முறை அவரைக் கொன்ற 'கரக்' அது. பழம் இரண்டாக விழ, உள்ளே அந்தி இல்லை, விடியலும் இல்லை, வெள்ளரிக்காயின் வெளிர்பச்சை இருந்தது. சகலையின் மூக்கு சுருங்கிற்று.

"சர்க்கரை தூவிட்டா சரியாயிடும், அத்தை."

"சர்க்கரைக்கு மார்க் போடச் சொல்றீங்களா?"

மாமியார் ஒரு துண்டை எடுத்து, முன்பல்லில் வைத்து, யோசித்து, எடுத்துவிட்டார். புதுப் பல்லின் முதல் கடியை அவர் அதற்குத் தரவில்லை.

"ரெண்டு. ஒண்ணு வடிவத்துக்கு. இன்னொண்ணு தூக்கிட்டு வந்ததுக்கு."

இனி மேஸ்திரி. கோணல் பழத்தைத் திருப்பிவைத்தார். கத்தியை அதன்மேல் வைத்தார். அழுத்தவில்லை, தன் எடை ஒன்றே போதும் என்பதுபோல் கத்தி தானே இறங்கிற்று, வெண்ணெயில் இறங்கும் நிலவொளிபோல், ஒலியே இல்லாமல். அவர் செவி காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. வாழ்நாளில் அவர் கேட்ட மிக அழகிய சத்தம் அதுவே. இரு பாதிகளும் பூ விரிவதுபோல் சாய, நடுவே விதைகள் தேனில் மிதக்கும் முத்துப்போல் மின்ன, சுற்றிலும் செந்தீயின் நிறத்தில், மாலைவெயிலின் நிறத்தில், பளபளத்துச் சொட்டியது சதை.

வாசம் எழுந்தது. மேஸ்திரிக்கு அது தெரியாது. ஆனால் மேசையைச் சுற்றிலும் முகங்கள் ஒவ்வொன்றாக உயர்வதைக் கண்டார். மனைவியின் கண் மூடியது. கொழுந்தியாளின் வாய் திறந்தது. சகலையோ தன் பழத்தின் தோலை முகர்ந்தார், மேஸ்திரியின் பழத்தை முகர்ந்தார், மறுபடி தன் தோலை முகர்ந்தார், நாற்காலியில் சாய்ந்தார்.

"அடப்பாவி, அப்ப வாசம் இதோடதா! கீழ கெடந்து இது விட்ட மூச்சத்தான் நான் மேல மோந்துருக்கேன்!"

"வேலைலயும் இப்படித்தானா?" என்றார் மாமியார். "கீழ் வீட்டுக் கசிவுக்கு மாடி வீட்டுக் குழாயப் புடுங்குவீங்களா?"

சகலை தலை குனிந்தார். கொடிமரம் தாழ்ந்தது.

மேஸ்திரி கரண்டியால் விதைகளை வழித்தார். பிறைபிறையாக அரிந்தார், ஒவ்வொரு பிறையும் ஒரே அளவு, ஒரே சாய்வு, ஓரத்தில் ஓரம் பொருந்த, தட்டில் தரைபோல் பதித்தார். முதல் பிறையை மாமியாருக்கு நீட்டினார்.

மாமியார் கடித்தார்.

பற்கள் இறங்கின. தடையில்லை. சாறு மோவாய்க்கு வழிந்தது, அதைத் துடைக்கவில்லை. மென்றார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் எங்கோ போயின. மூன்று மாதக் கரைசல்களும் மசியல்களும் தோற்று ஓடும் தூசிப்படலத்தை அவை பார்த்துக்கொண்டிருந்தன. மேஸ்திரி அவர் உதடுகளையே பார்த்து நின்றார். எட்டா? ஏழரையா? ஆறரையைத் தாண்டினால் போதும்! அவர் அப்படி நின்ற நேரத்தில், அவருக்குப் பின்னால், சொல்லாமல் கொள்ளாமல், கைகள் தட்டுக்குப் போய்வந்தன. மனைவி இரண்டாவது பிறையில் இருந்தாள். கொழுந்தியாள் தோலோடு பேசிக்கொண்டிருந்தாள். தோற்றவரின் துயரத்தோடு சகலை நான்காவதை மென்றுகொண்டிருந்தார். வென்றவர் மட்டும் ஒரு துளியும் ருசிக்காமல், கையில் கத்தியோடு, தன் வெற்றிக்கே காவல் நிற்பவர்போல் நின்றார்.

மாமியார் தோலைத் தட்டில் வைத்தார். சபை மூச்சை அடக்கியது. பதினோரு ஆண்டுகள் துருப்பிடித்திருந்த கோட்டைக்கதவு கிரீச்சிட்டு விலகுவதுபோல் அவர் வாய் திறந்தது.

"இன்னொரு துண்டு வைங்க, மாப்பிள்ளை."

மார்க் இல்லை! கணக்கு டீச்சர் மார்க் போட மறந்தார்! கழிக்கவில்லை, கூட்டவில்லை, அரை கால் என்று அளக்கவில்லை. மழைக்கும் மனிதருக்கும் மருந்துக்கும் எண் இட்டு வாழ்ந்த அந்த நாக்கு, எண்ணை விட்டு, எண்ணிக்கையை விட்டு, ஒரு குழந்தையின் நாக்காகி, வெறுந்தட்டை நீட்டி, மூத்த மாப்பிள்ளையிடம், வேறெவரிடமும் அல்ல, மூத்த மாப்பிள்ளையிடம் இன்னொன்று கேட்டது! ஒலிக்கட்டும் சங்கம், அதிரட்டும் முரசம், விரியட்டும் வெண்குடை, நானூறு குளியலறைகளும் ஒரே நேரத்தில் குழாய் திறந்து வாழ்த்தட்டும் என்று உள்ளமெல்லாம் ஆர்ப்பரிக்க, விழியில் நீர் தளும்ப, வாகை சூடிய வேந்தன் தன் கருவூலத்தைத் திறந்து அள்ளி வழங்கத் திரும்பும் பெருமிதத்தோடு மேஸ்திரி கத்தியை ஏந்தித் தட்டின் பக்கம் திரும்பினார்.

பழம் தீர்ந்துபோயிருந்தது.